இல்லாத சரக்குக்கு ஒரு குவளை டீ

மகளே,

போன மாதம் சால்ட் லேக் செக்டர் ஃபைவில் உன் ஆபீஸ் ஹாலில், நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்றவர்கள் உட்பட அத்தனை பேர் முன்னால், மேடையில் நின்று என்னைப் பற்றிப் பேசினாய். பேசப் போகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேசலாமா என்று கேட்கவும் இல்லை. அதனால் நானும் உன்னைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசுவது என்று முடிவு செய்தேன். எனக்கு மேடை கிடையாது. நம் தமிழர் சங்கத்தின் ஆண்டு விழா மலர் இருக்கிறது. லேக் மார்க்கெட்டுக்குக் காப்பித்தூள் வாங்க வருகிற நம் ஆட்கள் எல்லாரும் அதை ஒரு புரட்டுப் புரட்டிப் பார்ப்பார்கள். அதில் வரட்டும். நீ என் பேரைச் சொல்லவில்லை, "மை ஃபாதர்" என்றுதான் சொன்னாய். நானும் உன் பேரைப் போடவில்லை. கணக்கு நேராக இருக்க வேண்டும்.

நீ இப்போது பக்கத்து அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். டேப்பைக் கிழிக்கிற சத்தம் சாப்பாட்டு மேஜை வரைக்கும் கேட்கிறது. எழுந்து வந்து நேரிலேயே சொல்லலாம். சொன்னால் நான் கத்துவேன், நீ அழுவாய், உன் அம்மா ரெண்டு பேருக்கும் நடுவில் மோரைக் கொண்டுவந்து வைப்பாள், விஷயம் அங்கேயே ஆறிப்போகும். ஆறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விருதுநகர் பக்கத்திலிருந்து மீசை முளைக்கிற வயதில் ஹவுராவில் வந்து இறங்கியவன் நான். பேரிங், ஆயில் சீல், பெல்ட் விற்கிற ஒரு பெரிய கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பெங்காலியையும் ஹிந்தியையும் பேரிங் நம்பர்களையும் ஒரே மூச்சில் கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நீ மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், ஸ்ட்ராண்ட் ரோட்டை ஒட்டிய சந்தில் சொந்தமாகக் கடை போட்டேன். கடை என்றால் எட்டடி அகலம். கல்லா, ஒரு கண்ணாடி அலமாரி, ரெண்டு ஸ்டூல், அவ்வளவோடு இடம் தீர்ந்தது. சரக்கெல்லாம் ரெண்டு சந்து தள்ளி ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். கீழே வைத்தால் மழைத் தண்ணீர் குடித்துவிடும். கார்டன் ரீச் பட்டறைகளிலிருந்தும் ஆற்றங்கரைச் சணல் மில்களிலிருந்தும் மிஸ்திரிகள் தேய்ந்துபோன பேரிங்கைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வருவார்கள். அங்கே மெஷின் நின்றிருக்கும், இங்கே ஆளுக்கு நிலைகொள்ளாது. வந்த உடனே ஸ்டூலைத் தட்டிப் போட்டு, அலமாரியிலிருந்து மாதிரி ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்து, இதுதானே என்று கேட்டு, சந்து முனையில் டீ சொல்லுவோம். மண் குவளை டீயை அவன் ஊதிக் குடித்து முடிப்பதற்குள், தலைச்சுமை தூக்கும் முட்டியா ராம்தீன் கூடையோடு குடோனுக்குப் போய்ச் சரக்கோடு திரும்பி வந்து நிற்பான். கேட்டது மட்டும் வரும். கேட்காதது மாடியிலேயே தூங்கும். எல்லாச் சரக்கையும் வாசலிலேயே அடுக்கி வைத்திருந்த பெரிய கடைகளில் ஒரு சீலைத் தேட அரை நாள் ஆனபோது, எட்டடிக் கடை பிழைத்தது இப்படித்தான்.

அந்த டீக்கு ஒரு சட்டம் உண்டு. சரக்கு இருந்தால்தான் டீ. இல்லை என்றால், வந்தவன் உட்காருவதற்கு முன்னாலேயே இல்லை என்று சொல்லி, எந்தக் கடையில் கிடைக்கும் என்று கை காட்டி அனுப்பிவிட வேண்டும். ஏன் இப்படி என்று நீயே ஒரு நாள் கேட்டாய். எடுபிடியாக இருந்த காலத்தில் முதலாளி என்னை ஒரு ஆயில் சீலுக்காக வேறொரு கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் "பைட்டோ, பைட்டோ" என்று சிரித்த முகமாக உட்கார வைத்தார். டீ வந்தது. பிஸ்கட் வந்தது. மறுபடி டீ வந்தது. உள்ளே ஆள் எடுக்கப் போயிருக்கிறான் என்றார். அவரிடம் அந்த சீலே கிடையாது, ஆளை விட்டு மார்க்கெட் முழுக்க மற்ற கடைகளில் விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்பது பொழுது சாய்ந்த பிறகுதான் தெரிந்தது. நான் வெறுங்கையோடு திரும்பியபோது எங்கள் கடையில் காத்திருந்த மில் ஆள் கோபித்துக்கொண்டு போயிருந்தான். முதலாளி விட்ட அறை அன்றைக்கே மறந்துவிட்டது. அந்த ரெண்டு டீயின் கசப்பு வெகு நாள் இருந்தது. இல்லை என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இன்னொரு கடைக்கு ஓடியிருப்பேனே. இதை நான் சொன்னபோது நீ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாய். அதுதான் இப்போது எனக்குப் பொறுக்கவில்லை.

சின்ன வயதில் ஒரே ஒரு தடவைதான் நீ கடைக்கு வந்தாய், விஸ்வகர்மா பூஜை அன்று. இந்த ஊரில் அன்றைக்கு மெஷின்களுக்கு லீவு. எங்கள் சந்தில் கடைக்குக் கடை விஸ்வகர்மா யானையோடு வந்து உட்கார்ந்திருப்பார், மொட்டை மாடிகளில் காற்றாடி பறக்கும். நம் கடைப் பூஜையை நடத்துகிறவன் நிமாய். கடை திறந்த நாளிலிருந்து என்னோடு கவுன்ட்டரில் நின்ற ஆள். உன்னைச் செல்லமாக "மாமணி" என்றுதான் கூப்பிடுவான், நான் அவனுக்கு "தாதா", அதாவது அண்ணன், உனக்கு அவன் நிமாய் காக்கு, சித்தப்பா. அவன் ஆக்கிய கிச்சடியை இலையோடு வழித்துத் தின்றுவிட்டு, கொஞ்ச நேரத்தில் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, பாத்ரூம்" என்றாய். அந்தச் சந்தில் ஆம்பளைக்கே சுவர்தான். நிமாய் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் ஓடி, தெரிந்த ஒரு பாங்க் அதிகாரியைக் கெஞ்சி, உன்னை அந்த பாங்குக்குக் கூட்டிப்போனோம். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "இனிமே அங்க போவே மாட்டேன்" என்றாய். போகவும் இல்லை. பிறகு நீ இன்ஜினியரிங் படித்தாய், சால்ட் லேக்கில் வேலை கிடைத்தது, கடைக்கு யார் என்ற கேள்வியை நான் சாப்பாட்டு மேஜையில் எடுப்பதை விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்ட நீ, போன வருஷ மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, உனக்கு லீவு, எனக்குக் கடை, இட்லியைப் பிட்டுக்கொண்டே, "நானும் கடைக்கு வரட்டுமாப்பா?" என்றாய். நான் காப்பியைக் கொட்டிவிட்டேன். உன் அம்மாகூடச் சிரித்தாள். காலிகாட் மெட்ரோவில் உன் பக்கத்தில் நின்றுகொண்டு போனபோது, ஏதோ சம்பந்தம் பேசப் போகிறவன் மாதிரி நான் சட்டைக் காலரை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டேன். அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் வந்தாய். சும்மா வந்து உட்காரவில்லை. கேள்வி கேட்டாய். பத்து வருஷம் நின்ற பையன்கள் கேட்காத கேள்வி.

"ஒரே ஒரு நட்டு கேட்டாக்கூட ராம்தீன் அங்கிள் போய்ட்டு வருவாராப்பா?"

"அவன் காலு என்ன ஓசியா? நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாத்தையும் ஒரே பொட்டலமா மேல கட்டி வெச்சிருக்கோம்மா. சேந்து போறது சேந்தே வரும்."

"அப்போ ரொம்பப் பிரிச்சு வெச்சாலும் தப்பு."

"பிரிச்சா நடையிலயே பொழுது போயிரும்."

இன்னொரு நாள் நிமாயிடம் கேட்டாய், பெங்காலியில், என்னைவிட நல்ல பெங்காலியில். "கேக்காததை முன்னாடியே எடுத்துட்டு வந்து வெக்கிறது உண்டா காக்கு?"

"உண்டு மாமணி. பேரிங் வாங்கினவன் படி இறங்கற நேரத்துல நெத்தியில அடிச்சுக்கிட்டு, ஐயோ ஆயில் சீல் வேணுமேன்னு திரும்புவான். அதனால ராம்தீன் சும்மா இருக்கற நேரத்துல சீலையும் கொண்டாந்து கவுன்ட்டருக்கு அடியில வெச்சுக்குவோம். ஆனா உங்கப்பா அதுக்கும் திட்டுவாரு."

"ஏன்பா?"

"ஊகம் தப்புன்னா ரெண்டு நடைக் கூலி. கேக்காத சரக்கு கேட்ட சரக்கோட இடத்தை அடைச்சுக்கும்," என்றேன். பெருமையாகச் சொன்னேன்.

ராம்தீனோடு குடோன் மாடிவரை ஏறினாய். எந்தச் சரக்கு வாசலுக்குக் கிட்டே, எது உள்ளே தூரத்தில் என்று பார்த்தாய். உன் சின்ன கேமராவில் அவனைக் கூடையோடு நிற்க வைத்துப் படம் எடுத்தாய். எதுக்கும்மா இதெல்லாம் என்று நான் ஒரு தடவை கேட்டேன். "தெரிஞ்சுக்கணும்லப்பா" என்றாய். அந்த ஒரு சொல்லை நான் எத்தனை நாள் சப்பிக்கொண்டிருந்தேன் தெரியுமா? உன் வயதுப் பெண் பேரிங் கடையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் வேறு எதற்கு?

அந்தச் செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜைக்கும் வந்தாய், நானே கூப்பிட்டேன். சந்து முழுக்க ஆள். மில்காரர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், டீக்காரன் உட்பட எல்லாரும் பூஜை இனிப்பு சந்தேஷ் வாங்க வந்து நின்றபோது நான் உன் தோளில் கை வைத்து, "அடுத்த வருஷத்துலேருந்து இந்தக் கவுன்ட்டர்ல இவதான் உக்காருவா" என்று சத்தமாகச் சொன்னேன். கை தட்டினார்கள். எதிர்க்கடை குப்தா, "பேரிங் மார்க்கெட்டுக்கு லட்சுமி வந்தாச்சு, இனி நாங்க கடையைக் கட்ட வேண்டியதுதான்" என்றான். நீ சிரித்தாய். தட்டை எடுத்து எல்லாருக்கும் நீட்டினாய். ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் திறந்து இல்லை என்று சொல்ல உனக்கு அன்றைக்கு முழுச் சந்தும் இடம் கொடுத்தது.

துர்கா பூஜை லீவெல்லாம் முடிந்து கடை திறந்த வாரம், மத்தியானம் பொரி தின்கிற நேரத்தில் நிமாய் என்னிடம் வந்து உட்கார்ந்தான். "தாதா, ஒண்ணு கேக்கறேன். சம்பளக்காரனாவே போய்ச் சேர மனசில்ல. என்னையும் பார்ட்னரா சேத்துக்குங்க. கால் பங்கு போதும்."

"பொண்ணு வர்றாளே நிமாய். நீதான் பாத்தியே."

"மாமணிகிட்ட கேட்டீங்களா?"

"என் பொண்ணுகிட்ட நான் என்னத்தக் கேக்கறது?"

அவன் பொரியில் கிடந்த பச்சை மிளகாயைத் தேடி எடுத்துக் கடித்தான். அடுத்து வந்த சித்திரையில், இந்த ஊர் வியாபாரிகள் புது வருஷத்துக்குப் பூஜை போடுகிற நாளில், கவுன்ட்டரைத் துடைத்து வைத்துவிட்டுக் கிளம்பினான். சந்தின் மறுமுனையில் தன் பேரில் ஒரு சின்னக் கடை போட்டான். பழகிய மில் ஆட்கள் பாதிப் பேர் அவனோடு போனார்கள். நான் கலங்கவில்லை. என் மனதில் கவுன்ட்டர் நிறைந்திருந்தது.

அப்போது நான் வேறு ஒரு வேலையில் மும்முரமாக இருந்தேன். உனக்குப் பாத்ரூம் கட்டிக்கொண்டிருந்தேன். கடைக் கட்டடத்தின் மாடிப்படித் திருப்பத்தில் ஒரு மூலை. கட்டடச் சொந்தக்காரர் சட்டர்ஜி கிழவர் சம்மதிக்கவே இல்லை. குழாய் எங்கே போகும், சாக்கடை எங்கே சேரும், அவருடைய தாத்தா கட்டிய சுவரை யார் உடைப்பது? மீன் தின்னாத நான் வாரா வாரம் பவானிப்பூரில் அவர் வீட்டுக்கு மீனோடு போனேன், பையை அவர் மருமகளிடம் கொடுத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேன். கடைசியில் கிழவர் இளகினார். வெள்ளை டைல்ஸ், உள்தாழ்ப்பாள், ஒரு கண்ணாடி, வாளி, மக். சந்தே வந்து எட்டிப் பார்த்தது. குப்தா கேட்டான்: "தாதா, உங்க பேரிங்குக்கெல்லாம் வயித்தால போகுதா?" நானும் சேர்ந்து சிரித்தேன். நீ அந்தச் சனிக்கிழமை வந்து பார்த்து, "அழகா இருக்குப்பா" என்றாய். கதவைத் திறந்து மூடித் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாய். அப்போதுகூடச் சொல்லவில்லை.

அப்புறம் உன் ஆபீஸில் குடும்ப தினம். நீ வாங்கிக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன். திரையில் முதலில் வந்தது நம் கடை. எட்டடிக் கடையை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. நீ இங்கிலீஷில் பேசினாய், ஆனால் எனக்குப் புரிந்தது, ஏனென்றால் எல்லாம் என் வார்த்தை. ஆஸ்பத்திரிச் சாமான் விற்கிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு நீங்கள் செய்து கொடுத்த வெப் அப்ளிகேஷனாம். சின்ன ஊர்களில் அவர்கள் ஆட்கள் போன் லைனில் அதைத் திறந்தால், தேவை இருக்கிறதோ இல்லையோ, எல்லாப் படிவமும் எல்லாப் படமும் எல்லாக் கணக்குப் போடுகிற பகுதியும் மொத்தமாக இறங்கி முடித்த பிறகுதான் முதல் எழுத்தே தெரியுமாம். வாசலில் முழுக் குடோனையும் கொட்டி வைத்த கடை மாதிரி, என்றாய். இப்போது முன்பக்கம் மட்டும் சட்டென்று வருகிறது. எந்தப் பட்டனை அழுத்துகிறார்களோ அந்தப் பகுதி மட்டும் அப்போது போய் எடுத்து வரப்படுகிறது. ரொம்பத் துண்டாக்கினாலும் நடை அதிகம், அதனால் சேர்ந்து போவதைப் பொட்டலமாகக் கட்டியாகிவிட்டது. லைன் சும்மா இருக்கும் நேரத்தில் அடுத்துக் கேட்கப் போவதைக் கொண்டுவந்து அடியில் வைத்துக்கொள்கிறது. போய் எடுத்து வருகிற அந்தப் புரோகிராமுக்கு நீங்கள் வைத்த பேர் ராம்தீன். அவன் படம் கூடையோடு வந்தது. ஹால் சிரித்தது. அடுத்து, சரக்கு வந்து சேரும்வரை அந்த இடத்தில் ஒரு சின்ன மண் குவளை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஹால் கை தட்டியது. நானும் தட்டினேன், பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்ததால்.

கீழே இறங்கி வரும்போது உன் மேலதிகாரி என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சார், யூ ஆர் தி ரியல் ஆர்க்கிடெக்ட்! ஆன்சைட் போஸ்டிங் த்ரீ இயர்ஸ், நீங்க ரொம்ப மிஸ் பண்ணுவீங்க." சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் அந்த வாக்கியத்தை ரெண்டு தடவை மனதுக்குள் படித்தேன். மூன்று வருஷம். வெளிநாடு. என் மகள். இதை எனக்குச் சொன்னது யார் என்று பார்த்தால், முன்பின் தெரியாத ஒரு ஆள், தட்டில் சட்னியோடு.

டாக்சி பைபாஸில் ஏறியது. மழை. சர்தார்ஜி டிரைவர் கண்ணாடியைத் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லலாம்னுதான்பா இருந்தேன்."

"எப்போ? ஏர்போர்ட்லயா?"

"நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"பூஜை அன்னைக்கு ஊருக்கே சொன்னேனே, பக்கத்துல நின்னு சந்தேஷ் குடுத்தியே. அப்போவும் தெரியலையா?"

நீ வெளியே பார்த்தாய். பிறகு நிஜத்தைச் சொன்னாய், அதற்காக ஒரு மதிப்பெண் தருகிறேன். "எனக்கு இன்னும் கொஞ்சம் தெரிஞ்சுக்க வேண்டியிருந்துச்சுப்பா. வர மாட்டேன்னு சொல்லியிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்க."

நான் வேறொன்று கேட்டேன். "நடுவுல லைன் அறுந்துபோச்சுன்னா அந்தக் குவளை என்ன ஆகும்?"

"அது... ஆவி விட்டுக்கிட்டே இருக்கும்."

"சரக்கு வராதுன்னு சொல்லாதா?"

"அதை இன்னும் எழுதலைப்பா."

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு வைகாசியிலிருந்தே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்றேன். "உங்ககிட்ட அவளே சொல்லட்டும்னு இருந்தேங்க. அதுவும் போக, நீங்க டைல்ஸ் கலரைப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தீங்க" என்றாள். ஒரே வீட்டில் ரெண்டு பேருக்குத் தெரிந்த விஷயம், சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்து, எனக்கு மட்டும் பரிமாறப்படாமல் உள்ளே போயிருக்கிறது.

மறுநாள் நிமாயின் கடைக்கு நடந்து போனேன். கேட்க என்ன இருக்கிறது என்று ஒரு காலத்தில் சொன்னவன், கேட்பதற்காக அந்த முனைவரை போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஸ்டூலைத் தட்டவில்லை. டீக்காரனைக் கூப்பிடவில்லை.

"தாதா, முதல்லயே சொல்லிடறேன். திரும்பி வர மாட்டேன்."

"நான் இன்னும் கேக்கவே இல்லையேடா."

"கேக்கத்தானே இவ்ளோ தூரம் வந்தீங்க."

"கால் பங்கு இல்ல நிமாய். பாதி."

"பாதிக்கும் இல்ல தாதா. என் பேர்ல போர்டு மாட்டிட்டேன். பாருங்க." பார்த்தேன். பெங்காலியில் பச்சைப் பெயின்ட். பிறகுதான் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் துண்டால் தட்டினான். "இப்ப டீ சொல்லவா?"

குடித்தேன். நல்ல டீ, கசக்கவில்லை. ரெண்டு பேரும் மில் நிலவரம் பேசினோம். இப்படிச் சொல்லத் தெரிந்த ஆளை நான் கடையில் வைத்திருந்தேன், உன் சிரிப்பை நம்பி அனுப்பிவிட்டேன்.

என் பக்கத்துக் கணக்கையும் மறைக்கவில்லை. நீ வருகிறேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. கேட்காத சரக்கை மாடியிலிருந்து இறக்கியவன் நான். ஊகம் தப்பு, கூலி என்னுடையது, கொடுத்துவிட்டேன். ஆனால் என்னை உட்கார வைத்து, வாரா வாரம் டீ ஊற்றிக்கொண்டே இருந்தாயே, குடோனில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும், அது தனிக் கணக்கு. அதை நீதான் பார்க்க வேண்டும். என் முறையை எதிர்க்கடை குப்தாவுக்கு விற்றிருந்தால்கூட, போட்டி, வியாபாரம் என்று விட்டிருப்பேன். ராம்தீனிடம் அவன் படத்தைப் பற்றிச் சொன்னேன். "இத்தனை பேர் பார்த்தாங்களா பாபு? சொல்லியிருந்தா புதுத் துண்டு கட்டியிருப்பேனே" என்றான். அவன் கேட்டது அவ்வளவுதான். எனக்கும் ஏறக்குறைய அதேதான்.

போகிற ஊரிலும் உனக்குத் தெரியாததைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் போய் உட்காரு, கேள், நீ நன்றாகக் கேட்கிறாய், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதற்குக் கேட்கிறேன் என்பதை முதல் நாளே சொல்லிவிடு. சொன்னால் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். மீதிப் பாதி அப்போதும் சொல்லித் தருவார்கள். நான் அந்த மீதியில் இருந்திருப்பேன். சனிக்கிழமை சனிக்கிழமை, ஒன்று விடாமல், உன் வேலைக்கு என்று தெரிந்தே சொல்லித் தந்திருப்பேன். நிமாயும் கடையில் இருந்திருப்பான். அந்த வாய்ப்பை நீ எனக்குக் கொடுக்கவில்லை.

கடையை நான் நடத்துவேன், கை ஓடும்வரை. கவுன்ட்டரில் நான், நடைக்கு ராம்தீன். அதற்கப்புறம் யார் என்று இப்போது எனக்குப் பதில் இல்லை, இருப்பது போல நடிக்கவும் மாட்டேன். உன் பாத்ரூம் சாவியை மேல் மாடிக் கூரியர் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிற ரெண்டு பெண்களிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள்தான் வந்து கேட்டார்கள்.

இந்தக் கடிதத்தை மலர்க் குழுவுக்கு இன்னும் கொடுக்கவில்லை. உன் பெட்டியின் மேல் வைக்கப் போகிறேன். முழுக்கப் படி. மேடையில் நீ எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்வதாகத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடிக்கிறபோது, உன்னைக் கேட்காமல் கொடுக்கக் கை வரவில்லை. போடலாமா, வேண்டாமா, நீ சொல். வேண்டாம் என்றால் கிழித்துவிடு, நான் ஒன்றும் கேட்க மாட்டேன். சங்கத்து மலரில் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், நீ என்ன சொன்னாய் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. வியாழக்கிழமை நான் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை. அம்மா வருவாள். உள்ளே போவதற்கு முன்னால் வாசலில் நின்று தேடாதே, கடைசி நிமிஷத்தில் டாக்சியிலிருந்து இறங்கி ஓடிவருவேன் என்று நினைக்காதே. அன்றைக்குக் கடை உண்டு. அத்தனை பேச்சிலும் நீ ஒரு தடவைகூட என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்காததை எடுத்துக் கொடுக்கப் போவதில்லை, ஒரு தடவை அப்படிச் செய்து பட்டது போதும். போய்ச் சேர்ந்து, குளிர் பழகி, எப்போதாவது கேட்க வேண்டும் என்று தோன்றினால் கடை நம்பருக்கே போன் செய். இருக்கிறதா இல்லையா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். அதுவரை லைனில் இரு.

உன் அப்பா